முன்வரிசைக்கு எஃப் பதினாறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒருவருக்கு ஓர் உதவி செய்தோம் என்றால் அதற்குக் குழுப்படம் இருக்க வேண்டும். படம் இல்லாத உதவி செய்யாத உதவிக்குச் சமம். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. எங்கள் அமைப்பின் விதிகளிலேயே ஏறக்குறைய இப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அமைப்பின் முழுப்பெயர் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் நல்வாழ்வு மேம்பாட்டு ஒருங்கிணைப்புப் பேரவை. சொல்லி முடிப்பதற்குள் தட்டிலுள்ள கறிபாப் பலகாரம் ஆறிவிடும் என்பதால் பேரவை என்றே சொல்லிக்கொள்வோம். அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலைக் கடையின் மாடியில் இருக்கிறது. தலைவர் டத்தோ பட்டம் பெற்ற கமலநாதன். உதவித் தலைவர் வேலாயுதம். அடுத்த தேர்தலில் தலைவராகலாம் என்ற எண்ணம் வேலாயுதத்துக்கு உண்டு. அவருக்கு அந்த எண்ணம் உண்டு என்பது டத்தோவுக்கும் தெரியும். செயலாளர் சீவரத்தினம் அரசாங்க இலாகாவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் இலாகாவை விட்டாரே தவிர இலாகா அவரை இன்னும் விடவில்லை. விளம்பரப் பிரிவுக்கு அடியேன், சுகுமாறன்.

உதவி பெறவிருந்தவர் போர்ட் கிள்ளானைச் சேர்ந்த கன்னையா. லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயால் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவி லெட்சுமி சந்தை ஓரத்தில் நாசி லெமாக் சோறு கட்டி விற்கிறார். யாரோ கழித்துப்போட்ட ஆபீஸ் சுழல் நாற்காலி ஒன்றில்தான் கன்னையா வீட்டுக்குள் நகர்ந்துகொண்டிருந்தார். அதோடு வெளியே வர முயன்று ஒருநாள் வாசலில் விழுந்துவிட்டார். அன்றிலிருந்து லெட்சுமி அக்கா கடைக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்து, கிரில் கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போவார். கடை முடிந்து அக்கா திரும்பும்வரை கன்னையா கம்பிக்குப் பின்னால் இருப்பார்.

"ஒரு சக்கர நாற்காலி இருந்தா கடைக்கே தள்ளிக்கிட்டுப் போயிருவேன். நாலு மனுச மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்றார் அக்கா. அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

நாற்காலியைத் தருவது புத்ராஜெயாவில் உள்ள ஓர் இலாகா. அதை நடுவில் நின்று ஒப்படைக்கும் பெருமை பேரவைக்கு. இலாகா ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தது. ஒப்படைப்புப் படத்தில் உள்ள எல்லா முகங்களும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும். தெரியாதவரை ஒப்படைப்பு நடந்ததாகக் கருத இயலாது.

முதல் விழா பிரிக்பீல்ட்ஸில் சீரும் சிறப்புமாக நடந்தது. படம் எடுக்க சாலாக் செலாத்தானிலிருந்து குகனை அழைத்திருந்தோம். குகன் கல்யாணப் படங்களில் பெயர் பெற்றவர். இப்போதைய நாகரிகம் உங்களுக்கே தெரியும். மணப்பெண்ணின் ஓர் இமை மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கு கொஞ்சம் மங்க வேண்டும். மாப்பிள்ளை முழுவதுமாகக் கரைந்துவிட வேண்டும். கரைவது எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு படத்துக்கு மதிப்பு. அதற்கென்றே குகன் எஃப் ஒன்று புள்ளி இரண்டு லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார்.

"செம கிரீமியா வந்திருக்கு பாஸ்" என்று அன்று மாலையே படத்தைக் காட்டினார்.

உண்மையிலேயே அப்படித்தான் வந்திருந்தது. முன்வரிசை நடுவில் டத்தோ இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேகம் தெரிந்தது. மகளிர் பிரிவு இருந்த இடத்தில் பல வண்ணச் சாயம் தெரிந்தது. மொத்தப் படத்திலும் தெளிவாக விழுந்திருந்தது ஒன்றே ஒன்று, வேலாயுதத்தின் இடது காது. அதிலிருந்த முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

டத்தோ அந்தக் காதையே வெகுநேரம் பார்த்தார்.

"தேர்தல் வர்ற நேரத்துல இவரு காது மட்டும் எப்படிய்யா தெளிவா விழுது?"

"நான் காத வச்சுக்கிட்டு சும்மாதான் நின்னேன் டத்தோ" என்றார் வேலாயுதம்.

"சும்மா நின்னா எல்லாரு காதும்ல விழுந்திருக்கணும்?"

இலாகா படத்தை மறுத்தது. மறுத்ததும் சீவரத்தினம் விதியைத் திறந்தார். படம் சரியில்லை என்றால் ஒப்படைப்பு நடக்கவில்லை. ஒப்படைப்பு நடக்கவில்லை என்றால் நாற்காலி கன்னையாவிடம் இருக்க முடியாது. இருக்க முடியாத நாற்காலி இருப்பது தவறு. எனவே மறுநாள் காலையில் நானும் வேலாயுதமும் போர்ட் கிள்ளானுக்குப் போனோம்.

கன்னையா கடையில் இருந்தார். குடையின் கீழ் சக்கர நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, கொஞ்சம் எழுந்திரிக்கணும்" என்றேன்.

"எந்திரிக்க முடிஞ்சா நாற்காலி எதுக்குத் தம்பி?"

வேலாயுதம் பொறுமையாக விளக்கினார். "அன்னைக்குக் குடுத்தது இன்னும் குடுக்கல அண்ணே. படம் சரியா விழல."

"குடுத்தீங்களே. உக்காந்திருக்கேனே."

"அது உங்க பார்வையில."

அவரைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் வைத்தோம். நாற்காலியை மடக்கத் தெரியாமல் நாங்கள் திண்டாடியபோது லெட்சுமி அக்காவே வந்து மடக்கிக் கொடுத்தார். போகும்போது ஆளுக்கொரு பொட்டலம் நாசி லெமாக்கும் கட்டிக் கொடுத்தார். அந்தப் பண்பை வேலாயுதம் காரில் வரும் வழியெல்லாம் பாராட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்து, ஒளிப்படத் தெளிவு தொடர்பான சிறப்புச் செயற்குழுக் கூட்டம் கூடியது. குகன் கேமராவோடு வந்து விளக்கினார்.

"எஃப் நம்பர் சின்னதா இருந்தா ஒரு ஆளு மட்டும் ஷார்ப். நம்பர் ஏற ஏற முன்னால பின்னால இருக்கிறவங்களும் ஷார்ப் ஆவாங்க. எட்டு வச்சா மூணு வரிசையும் வந்துரும் பாஸ்."

டத்தோ முகம் சுளித்தார். "எட்டா? போன மாசம் பந்திங் ஊருச் சங்கம் படம் எடுத்துச்சே, அது எவ்வளவு?"

"அதுவும் எட்டுதான் இருக்கும்."

"பந்திங்குக்கும் எட்டு, நமக்கும் எட்டா? அவங்க தலைவருக்கு இன்னும் பட்டமே வரல லா."

எட்டு பதினொன்றாக உயர்த்தப்பட்டது. பதினொன்றைப் பதினாறாக்கலாம் என்று வேலாயுதம் முன்மொழிந்தார். காது விவகாரத்துக்குப் பிறகு டத்தோவுக்கு எதை உயர்த்துவதானாலும் அவர் முதல் ஆளாகக் கை தூக்கினார்.

"இருபத்திரண்டு வரைக்கும் போகும் பாஸ்" என்றார் குகன்.

"அது டத்தோவுக்கு மேல டான்ஸ்ரீ ஆரும் வந்தால் வைச்சுக்கொள்ளலாம்" என்று சீவரத்தினம் முடித்துவைத்தார்.

அடுத்த பிரச்சினை ஃபோக்கஸ். மூன்று வரிசை என்றால் இரண்டாவது வரிசை முகங்களில் வைப்பது நல்லது என்று குகன் சொன்னார்.

"ரெண்டாவது வரிசையில ஆர் நிற்கினம்?" என்று சீவரத்தினம் கேட்டார்.

"மகளிர் பிரிவு. அப்புறம் சமையல் குழு."

"டத்தோவை முன்னால இருத்திப்போட்டு ஃபோக்கஸைச் சமையல் குழுவில வைக்கிறதோ? நெறிமுறையில அதுக்கு இடமே இல்லை பாருங்கோ."

ஃபோக்கஸ் டத்தோவின் மீதே வைக்கப்பட வேண்டும் என்று முடிவானது. உடனே மகளிர் பிரிவுத் தலைவி புஷ்பவல்லி எழுந்தார்.

"போன தடவ எங்க யாருக்கும் மொகமே இல்ல. எங்கம்மா படத்தப் பாத்துட்டு, நீ போகவே இல்லியான்னு கேக்குறாங்க. இந்தத் தடவ நாங்களும் முன்னாலதான் உக்காருவோம்."

அவர் முன்னால் என்றால் சமையல் குழுவும் முன்னால். சமையல் குழு முன்னால் என்றால் இளைஞர் பிரிவு பின்னால் நிற்குமா? கடைசியில் எல்லாரும் முன்வரிசை, ஒரே வரிசை என்று தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் ஒரே தூரத்தில் இருந்தால் எல்லாரும் தெளிவாக விழுவார்கள் என்று குகனும் ஒப்புக்கொண்டார். ஒரே வரிசைக்குப் பதினாறு தேவையே இல்லை, நாலே போதும் என்றும் ஏதோ சொல்ல வந்தார். உயர்த்திய எண்ணைக் குறைப்பது டத்தோவைக் குறைப்பதாகும் என்பதால் அது பதிவு செய்யப்படவில்லை.

"பதினாறு வச்சா வெளிச்சம் பத்தாது. ஃபிளாஷ் அடிக்கணும்" என்றார் குகன்.

எல்லாரும் டத்தோவைப் பார்த்தார்கள். முன்பு ஒரு விழாவில் ஃபிளாஷ் பட்டு, டத்தோவின் நெற்றி எங்கே முடிகிறது, மண்டபத்தின் விளக்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயிருந்தது.

"வேற வழி?" என்றார் டத்தோ.

"ஐஎஸ்ஓ ஏத்தலாம். ஆனா மொகத்துல மணல் தூவுன மாதிரி வரும்."

"டத்தோவின்ர முகத்தில மணலோ!" என்று சீவரத்தினம் பதறினார்.

"அப்ப ஷட்டர மெதுவா விடணும். அரை செகண்ட். ஒருத்தரும் அசையக் கூடாது."

இது மட்டும் விவாதமின்றி ஏற்கப்பட்டது. அதன்பின் வாரக் கணக்கில் பேரவை அலுவலகத்தில் அசையாமை ஒத்திகை நடந்தது. உறுப்பினர்கள் வியக்கத்தக்க தேர்ச்சி காட்டினார்கள். எதற்கும் அசையாமல் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்த அனுபவம் கைகொடுத்தது.

இரண்டாவது விழாவுக்குக் கிள்ளானில் அகலமான மண்டபமாகப் பார்த்துப் பிடித்தோம். நாற்காலிகள் ஒரே நேர்வரிசையில் சுவரிலிருந்து சுவர்வரை போடப்பட்டன. அழைப்பில் போட்ட நேரத்துக்கு வெகுமுன்பே எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையைத் தவிர வேறு வரிசையே இல்லாத விழாவுக்கு யார்தான் தாமதமாக வருவார்கள்? டத்தோ மட்டும், டத்தோ என்பதால், தாமதமாக வந்தார்.

வந்து பார்த்தால் அவருக்கு நாற்காலி இல்லை. வாடகைக்கு எடுத்ததில் ஒன்று குறைந்துவிட்டது.

சீவரத்தினம் வரிசையைப் பார்த்தார். யாராவது எழுந்து இடம் கொடுக்க வேண்டும். எழுந்தால் பின்னால் நிற்க வேண்டும். பின்னால் நின்றால் முகம் கரைந்துவிடும் என்று முதல் படத்திலேயே எல்லாரும் கற்றிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. ஒத்திகை அவ்வளவு நன்றாக நடந்திருந்தது.

"டத்தோ, இஞ்ச ஒண்டு இருக்குது" என்றார் சீவரத்தினம்.

மேசையோரம் ரோஜா நிற ரிப்பன் கட்டிய சக்கர நாற்காலி இருந்தது. மெத்தை உண்டு, கை வைக்க இடம் உண்டு, மற்ற நாற்காலிகளைவிட உயரமும் உண்டு. டத்தோ உட்கார்ந்து பார்த்தார்.

"சொகமாத்தான் இருக்கு" என்றார். நடுவில் தள்ளி, பிரேக் போட்டு நிறுத்தினோம்.

அதற்குள் லெட்சுமி அக்கா, பக்கத்து வீட்டு வேனில் ஏற்றி வந்த பழைய சுழல் நாற்காலியில் கன்னையாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கன்னையா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, படியச் சீவியிருந்தார்.

"இவரு எங்க உக்காருவாரு?" என்று அக்கா கேட்டார்.

வரிசையின் ஓரத்தில் அதே நாற்காலியோடு நிறுத்தினோம். குகன் கேமராவுக்குள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பாஸ், அந்தச் சேர் சுத்துது. அரை செகண்ட் தாங்காது. மங்கிரும்."

கன்னையா ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டுதான் முயன்றார். நாற்காலி அப்படியே இடதுபக்கம் திரும்பிக்கொண்டது.

சீவரத்தினம் அவர் அருகில் குனிந்து அன்போடு பேசினார். "பாருங்கோ, உங்கட முகம் மங்கினால் இலாகா படத்தை மறுக்கும். மறுத்தால் உங்களுக்கு நாற்காலி கிடையாது. உங்களுக்கு நாற்காலி கிடைக்க வேணுமெண்டால் நீங்கள் படத்தில இருக்கக் கூடாது. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

கன்னையா கொஞ்சம் யோசித்தார். "கெடச்சாச் சரி சார்" என்றார்.

அக்காவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "டத்தோ உக்காந்திருக்கிற நாற்காலி அசையலதானே? அதுல இவர உக்கார வச்சுட்டு, டத்தோவ..." என்று ஆரம்பித்தார்.

"அம்மா, ஒப்படைக்கிறவை தெளிவாத் தெரியோணும். பெறுகிறவர் ஒருத்தர் இருப்பார் எண்டதை ஆரும் விளங்கிக்கொள்ளுவினம்" என்றார் சீவரத்தினம்.

குகன் மூன்று எண்ணினார். நாங்கள் மூச்சை நிறுத்தினோம். கேமராவுக்குப் பின்னால் கன்னையாவும், தன்னால் எதுவும் கெட்டுவிடக் கூடாது என்று மூச்சை நிறுத்திக்கொண்டார்.

படம் என்றால் அதுதான் படம். சுவரிலிருந்து சுவர்வரை ஒவ்வொரு முகமும் செதுக்கியதுபோல் இருந்தது. புஷ்பவல்லியின் மூக்குத்திக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. வேலாயுதத்தின் இரண்டு காதுகளும் சரிசமமாக விழுந்திருந்தன. டத்தோவின் சட்டைப் பொத்தானின் துளைகளை எண்ணலாம். அடுத்த நிமிடமே வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போட்டேன். எல்லாரும் அவரவர் முகத்தை விரலால் விரித்துப் பார்த்து, அருமை அருமை என்று எழுதினார்கள்.

அடுத்த வாரம் இலாகாவிலிருந்து மலர்விழி என்ற அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். சீவரத்தினம் ஸ்பீக்கரில் போட்டார்.

"படம் ரொம்பத் தெளிவா இருக்கு சார். இந்த மாதிரி ஒரு படம் எங்களுக்கு வந்ததே இல்ல. அப்ரூவ் பண்ணியாச்சு. நாற்காலிய அவரு வீட்டுக்கே அனுப்பிட்டோம். மாற்றுத்திறனாளி கார் ஸ்டிக்கரும் போகுது."

"நாற்காலி எங்கட அலுவலகத்தில எல்லோ இருந்தது?"

"காலையில எங்க வேன் வந்து எடுத்திருச்சு சார். ஷா ஆலாம்ல, பங்களா வீடு."

"ஷா ஆலாமோ? கன்னையா போர்ட் கிள்ளான் ஆள், பிள்ளை."

"கன்னையாங்கிற பேருல படத்துல யாரையும் அடையாளம் காண முடியல. நாற்காலியில உக்காந்திருக்கவரு மொகத்த ஐசி அடையாள அட்டையோட ஒத்துப் பாத்தோம், நூத்துக்கு நூறு. அவருதான் பெறுநர்."

"அவர் எங்கட டத்தோ! நல்லா நடப்பார்!"

"படத்துல அப்படித் தெரியலயே சார். மங்கலா இருந்திருந்தா நாங்களே சந்தேகப்பட்டிருப்போம். இவ்வளவு தெளிவா இருக்கிறப்ப எப்படிச் சந்தேகப்படுறது?"

"நிற்கிற மாதிரி இன்னொரு படம் அனுப்பினால்?"

"நிக்கிற படத்த வச்சு ஒருத்தரு நடப்பாருன்னு எப்படி சார் முடிவு பண்றது?"

கேள்வி நியாயமாக இருந்ததால் சீவரத்தினம் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

முதலில் டத்தோ கொதித்தார். படத்தை முகநூலில் பார்த்தவர்கள் விரைவில் குணமடைய வாழ்த்துவதாக எழுதி, பழக்கூடைகளோடு வீடு தேடி வரத் தொடங்கினார்கள். இரண்டாவது வாரம் அவர் புது ஸ்டிக்கர் ஒட்டிய காரில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். பேரவை வாசலுக்கு எதிரிலேயே, மாற்றுத்திறனாளிகளுக்கென நீலக் கோடு போட்ட இடத்தில், ஒரே திருப்பில் நிறுத்திவிட்டு இறங்கி, மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தார். பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றியவர்களுக்கு மட்டுமே அந்த முகத்தின் ஒளி புரியும்.

"அரசாங்கம் மரியாதையாக் குடுத்தத திருப்பிக் குடுக்குறது நல்லா இருக்காது. கன்னையாவுக்கு வேற ஒண்ணு கேளுங்க. இன்னொரு விழா வச்சிருவோம்" என்றார்.

அதைச் சொல்ல நான்தான் போர்ட் கிள்ளான் போனேன். அக்கா கடையில் இருந்த நேரம். கிரில் பூட்டியிருந்தது. கன்னையா சுழல் நாற்காலியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பியை விட்டால் நாற்காலி திரும்பிவிடும்.

"படம் நல்லா விழுந்துச்சாமே தம்பி? காட்டுங்க."

கம்பிக்கு இடையில் கைபேசியை நீட்டினேன். ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்து, இவர் யார், அவர் யார் என்று விசாரித்தார். என் முகம் வந்ததும் நிறுத்தினார்.

"நீங்க நல்லா விழுந்திருக்கீங்க."

வெட்கமாக இருந்தது. "நன்றிண்ணே" என்றேன்.

பிறகு டத்தோவிடம் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியின் சக்கரத்தை, மெத்தையை, கைப்பிடியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். விவரத்தைச் சொன்னேன். அடுத்த விழா தேதியையும் சொன்னேன். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் வரல தம்பி."

"நீங்க இல்லாம எப்படிண்ணே படம் எடுக்கிறது?"

"போன தடவ எப்படி எடுத்தீங்க?"

அவர் சொன்னதை அப்படியே செயற்குழுவில் வைத்தேன். பயனாளி வராவிட்டால் படம் தெளிவாக அமைகிறது என்ற இந்த அனுபவ உண்மையை ஒருவரும் மறுக்கவில்லை. ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது விழா நடந்தது. இந்த முறை நாற்காலிகள் குறையவில்லை. ஆனாலும் சக்கர நாற்காலியில் யார் உட்காருவது என்று கடும் போட்டி. பிரிக்பீல்ட்ஸில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் மனுப்போட்டார்கள். உதவித் தலைவர் என்ற முறையில் வேலாயுதம் வென்றார். எஃப் பதினாறு, அரை செகண்ட், துளி மங்கல் இல்லை.

அன்றே முகநூலில் போட்டேன். போர்ட் கிள்ளான் திரு. கன்னையா அவர்களுக்குச் சக்கர நாற்காலி ஒப்படைப்பு என்று தலைப்பும் கொடுத்தேன். லைக்குகள் குவிந்தன. மனிதநேயம் வாழ்க என்று எழுதினார்கள், கைகூப்பும் படம் போட்டார்கள். இதில் கன்னையா யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. யார் யாரெல்லாம் லைக் போட்டிருக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். உங்கள் பெயரும் இருந்தது. பேரவையின் சார்பில் உங்களுக்கு மனமார்ந்த நன்றி.